'லூஸ் கான்டாக்ட்'டுக்கு ஒரு பொறி!

பௌர்ணமி ராத்திரி. கிரிவலம் போகணும்னு நாலு பேர் முடிவு பண்ணி, பெரியப்பா வீட்டுப் பழைய மாருதி 800-ஐ கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டீங்க. கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் எல்லாம் தாண்டி மணலூர்பேட்டை வந்தாச்சு. தென்பெண்ணைப் பாலத்துல ஏறுறீங்க... டப்! ஹெட்லைட் அவுட். பாட்டு அவுட். டேஷ்போர்டு கும்மிருட்டு. இன்ஜினும் அவுட். பின்னாடி ஒரு பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டே வருது.

பதறிப்போய் இறங்கி, பானெட்டைத் திறக்கறதுக்குள்ள... எல்லாம் தானாத் திரும்பி வந்துடுது! மறுநாள் மெக்கானிக்கிட்ட கொண்டுபோனா, வண்டி பச்சைப் புள்ள மாதிரி சமர்த்தா ஓடுது. "ஒண்ணும் இல்லையே தம்பி... பேட்டரி வீக்கா இருக்கும், மாத்திப் பாப்போம்"ங்கறார். மாத்தறீங்க. அடுத்த வாரம் வேற ஒரு இடத்துல டப்! "அப்ப டைனமோவா இருக்கும்." அதையும் மாத்தறீங்க. காசு ஆயிரக்கணக்குல காலி. டப் மட்டும் அப்படியே இருக்கு.

இந்த வியாதிக்குப் பேர் ஊருக்கே தெரியும், லூஸ் கான்டாக்ட்! பேர் தெரிஞ்ச அளவுக்கு அதைப் பிடிக்கிற வித்தை தெரியாது. மொத்தமா செத்துப்போன வண்டியை அரை மணி நேரத்துல சரி பண்ணிடலாம். அப்பப்போ செத்துப் பிழைக்கிற வண்டிதான் ஆளை அலைய வைக்கும். நீங்க தேடும்போது தப்பு அங்கே இருக்காது. அது இருக்கும்போது நீங்க ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அலறிக்கிட்டு இருப்பீங்க. ஹி... ஹி...

ஏன் வருது... ஏன் போகுது?

ஓம்ஸ் விதி படிச்சு பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருப்பீங்க இல்லையா? இப்ப அதை வெளியே எடுங்க பாஸ்!

60 வாட் ஹெட்லைட் பல்ப் ரெண்டு. மொத்தம் 120 வாட். 12 வோல்ட்ல சுமாரா 10 ஆம்பியர். இந்த 10 ஆம்பியர் போற வழியில, துரு ஏறின ஒரு ஜாயின்ட் இருக்குன்னு வெச்சுக்கோங்க. அதோட ரெசிஸ்டன்ஸ் வெறும் 0.1 ஓம். தம்மாத்துண்டு! ஆனா அங்கே 1 வோல்ட் காணாமப் போயிடும். அந்த ஒரு வோல்ட்டுக்கே ஹெட்லைட் வெளிச்சத்துல சுமார் கால் பங்கு காலி. போன வோல்ட் எங்கே போச்சு? 1 வோல்ட் பெருக்கல் 10 ஆம்பியர், 10 வாட். ஒரு திருகாணி அளவு இடத்துல 10 வாட் சூடு!

கதையே இங்கதான் இருக்கு. சூடானா உலோகம் விரியும், பிடி தளரும். தளர்ந்தா ரெசிஸ்டன்ஸ் ஏறும். ரெசிஸ்டன்ஸ் ஏறினா இன்னும் சூடு. ஒரு கட்டத்துல டப்! கரன்ட் நின்னுடும். நின்னதும் சூடு குறையும், உலோகம் சுருங்கும், பழையபடி ஒட்டிக்கும். 'ரெண்டு நிமிஷத்துல தானா வந்துடுச்சு'ங்கற அதிசயம் பெரும்பாலும் இதுதான். சாமி குத்தமெல்லாம் இல்லை! அதனாலதான் நீங்க கிளம்பின உடனே வராம, முப்பது நாப்பது கிலோமீட்டர் ஓடின பிறகு வருது. இன்னொரு ரகமும் இருக்கு. பள்ளத்துல விழும்போது, ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போது மட்டும் வர்றது. அது சூடு இல்லை, ஆட்டம். எங்கேயோ ஒரு ஒயர் தொங்குது.

அதனால எந்த ஸ்பேனரையும் தொடறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு எடுங்க. செல்போன்ல டைப் பண்ணினாலும் ஓகே. எத்தனை கிலோமீட்டர் ஓடின பிறகு வந்தது, மழையா வெயிலா, பள்ளமா மேடா, அப்ப என்னென்ன போட்டிருந்தீங்க, எதெது செத்தது, எது சாகலை, எப்படித் திரும்பி வந்தது... எல்லாத்தையும் குறிச்சு வைங்க. எலக்ட்ரீஷியன்கிட்ட 'அப்பப்போ ஆஃப் ஆகுதுண்ணா'ன்னு சொன்னா, அவர் என்ன ஜோசியமா பார்ப்பார்? 'சூடான பிறகு, ஹை பீம் போட்டா மட்டும், ஹாரனும் சேர்ந்து போகுது'ன்னு சொல்லிப் பாருங்க. மனுஷன் நிமிர்ந்து உட்காருவார்.

நிக்கும்போதா... ஓடும்போதா?

நிறையப் பேர் கோட்டை விடற இடம் இது. காருக்குள்ள கரன்ட் குடுக்கறவங்க ரெண்டு பேர். வண்டி நிக்கும்போது பேட்டரி. ஓடும்போது ஆல்டர்னேட்டர் (நம்ம ஊர்ல இதுக்கும் 'டைனமோ'ன்னுதான் பேரு). ஓடிக்கிட்டு இருக்கும்போது பேட்டரி டெர்மினல் லூஸானா, ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் தாங்கிப் பிடிச்சுடும். லைட் மினுக்கும், ஐட்லிங்கில் தள்ளாடும். அவ்வளவுதான். அதேமாதிரி ஆல்டர்னேட்டர் செத்தா, பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். லைட் மெதுவா மங்கி மங்கிச் சாகும். டப்னு சாகாது.

அப்படின்னா என்ன அர்த்தம்? சாவியைத் திருப்பினா 'டிக்'னு ஒரு சத்தம், உடனே எல்லாம் இருட்டுன்னா, பேட்டரி டெர்மினல் மேல சந்தேகப்படுங்க. செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல இழுக்கும். இத்துப்போன டெர்மினலால அதைக் கொடுக்க முடியாது. ஆனா நல்லா வேகமா ஓடிக்கிட்டு இருக்கும்போது எல்லாம் ஒரே அடியா போச்சுன்னா, தப்பு பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் பொதுவான வழியில இருக்கு. மெயின் ஒயர், மெயின் ஃப்யூஸ், இக்னிஷன் ஸ்விட்ச், எர்த். இதுல பேட்டரியை மாத்தி என்ன புண்ணியம்?

மூணாவது ஒரு வகையும் உண்டு. இன்ஜினும் டேஷ்போர்டும் போச்சு, ஆனா ஹாரன், பார்க்கிங் லைட் வேலை செய்யுது. பல பழைய கார்கள்ல இதெல்லாம் சாவி போடாமலே வேலை செய்யற ஐட்டங்கள். அதாவது, சாவி ஸ்விட்ச் வரைக்கும் கரன்ட் வந்தாச்சு, அதைத் தாண்டித்தான் போகலை. உங்க வண்டியில எதெது சாவி இல்லாம எரியும்னு பகல்ல நிதானமாப் பார்த்து நோட்டுல எழுதிடுங்க. ராத்திரி பாலத்து மேல நின்னுக்கிட்டு ஆராய்ச்சி பண்ண முடியாது.

(ஒரு முக்கியமான சைடு நோட்: இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழட்டி 'டைனமோ நல்லாருக்கா'ன்னு பார்க்கற ஒரு டெஸ்ட் ஊர் முழுக்க நடக்குது. அந்தக் காலத்து டைனமோ வண்டிக்கு அது ஓடிச்சு. ஆல்டர்னேட்டர் வண்டியில கழட்டற அந்த நொடியில வோல்டேஜ் 80-ஐக் கூடத் தாண்டிக் குதிக்கலாம். இருக்கற எலக்ட்ரானிக்ஸ் மொத்தமும் காலி. யாராச்சும் ஸ்பேனரோட வந்தா கையைப் பிடிச்சுத் தடுத்துடுங்க!)

மல்டிமீட்டர் பொய் சொல்லும்!

லேப்ல மல்டிமீட்டர்தான் நமக்கு தெய்வம். அதுக்குள்ள இருக்கற ரெசிஸ்டன்ஸ் ரொம்பப் பெருசு, டிஜிட்டல்னா வழக்கமா 10 மெகா ஓம். அதனால அது இழுக்கற கரன்ட் ஒண்ணுமே இல்லை. இப்ப உங்க ஒயர்ல இருபது முப்பது இழைகள் அறுந்து, ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு வெச்சுக்கோங்க. மீட்டரை வெச்சா என்ன காட்டும்? ஜம்முனு 12.6 வோல்ட்! 'ஒயர் ஓகே'ன்னு நீங்க அடுத்த இடத்துக்குப் போயிடுவீங்க. லைட்டைப் போட்டதும் அந்த ஒத்தை இழையால முடியாம டப்.

பழைய எலக்ட்ரீஷியன்கள் ஏன் இன்னும் ஒரு பல்பும் ரெண்டு ஒயரும் வெச்ச டெஸ்ட் லேம்ப்பை விடமாட்டேங்கறாங்கன்னு இப்பப் புரியுதா? பல்ப் கரன்ட்டை இழுக்கும். ஒத்தை இழைகிட்ட அதோட வேஷம் கலைஞ்சுடும். நம்ம டிகிரியைவிட அந்த அஞ்சு வாட் பல்புக்கு அனுபவம் ஜாஸ்தி!

மீட்டரை வெச்சே பார்க்கணும்னா அதுக்கும் வழி இருக்கு. லைட், ஃபேன் எல்லாத்தையும் போட்டுட்டு, அதாவது கரன்ட் ஓடும்போது, ஜாயின்ட்டோட இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வைங்க. நல்ல ஜாயின்ட்னா கிட்டத்தட்ட பூஜ்யம். எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா, அங்கே கரன்ட்டை யாரோ திருடறாங்கன்னு அர்த்தம். இதுக்குப் பேர் வோல்டேஜ் டிராப் டெஸ்ட். பேட்டரி நேரா 12.6 காட்டினா ஃபுல், 12.2-ன்னா பாதி. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில 13.8-ல இருந்து 14.4 வரைக்கும் வரணும். இந்த நாலஞ்சு எண்ணை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க, போதும்.

இப்போ பொறி!

எலி வரும்போது பிடிக்கணும்னா ராத்திரி முழுக்கக் கண் விழிச்சு உட்கார மாட்டோம். பொறி வைப்போம். அதேதான் இங்கேயும்.

பார்க்கிங் லைட்டுக்குப் போடற 5 வாட் பல்ப் மூணு வாங்குங்க. மூணையும் ஒரு அட்டையில குத்தி, 1, 2, 3-ன்னு நம்பர் போட்டு, பக்கத்து சீட்டுல உட்காரற நண்பர் மடியில வைங்க. மூணு பல்போட எர்த்தையும் சேர்த்து ஒரே ஒயரா எடுத்து நேரா பேட்டரியோட நெகட்டிவ் கம்பத்துல கட்டுங்க. பாடியில கட்டக் கூடாது, கவனம்! பல்ப் 1-க்கு பாசிட்டிவ், பேட்டரி கம்பத்துல இருந்தே. பல்ப் 2-க்கு, ஃப்யூஸ் பாக்ஸுக்குள்ள கரன்ட் நுழையற இடத்துல இருந்து. பல்ப் 3-க்கு, இக்னிஷன் ஸ்விட்ச்சைத் தாண்டி வெளியே வர்ற ஒயர்ல இருந்து. ஒவ்வொண்ணும் ஆரம்பிக்கற இடத்துலேயே ஒரு சின்ன ஃப்யூஸ் கண்டிப்பாப் போடணும். 2 ஆம்பியர் போதும். இல்லேன்னா ஒயர் எங்கேயாவது உரசி, லூஸ் கான்டாக்ட் தேடப்போய் தீயணைப்பு வண்டியைத் தேட வேண்டியிருக்கும்.

இனி வழக்கம்போல வண்டியை ஓட்டுங்க. 'டப்' வரும் இல்லையா? அந்த நொடியில நண்பர் அட்டையைப் பார்க்கணும். அவ்வளவுதான் அவர் வேலை (தூங்கற நண்பரைக் கூட்டிட்டுப் போகாதீங்க).

1 எரியுது, 2-ம் 3-ம் அணைஞ்சா, பாசிட்டிவ் டெர்மினலுக்கும் ஃப்யூஸ் பாக்ஸுக்கும் நடுவுல கோளாறு. மெயின் ஒயரையும் மெயின் ஃப்யூஸையும் பாருங்க. 1-ம் 2-ம் எரியுது, 3 மட்டும் அணைஞ்சா, சாவி ஸ்விட்ச் இல்லேன்னா அதோட கப்ளர். பின்னாடி கழட்டிப் பார்த்தா பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருக்கும். மூணும் அணைஞ்சா, பேட்டரிக்குள்ளேயே கோளாறு. மூணும் ஜோரா எரியுது, ஆனா வண்டியில மட்டும் எதுவுமே இல்லைன்னா? அதுதான் சூப்பர் கேஸ். எர்த் போச்சு! பல்புக்கெல்லாம் நேரா பேட்டரிக்குத் திரும்பற வழி இருக்கு. வண்டிக்கு இல்லை.

மாசக்கணக்கா அலைய வெச்ச கோளாறை இந்த அட்டை ஒரே டப்புல காட்டிக்கொடுத்துடும். வீட்டுக்கு வந்ததும் ஃப்யூஸைக் கழட்டிடுங்க. மூணு பல்பும் சேர்ந்து சுமார் 1.25 ஆம்பியர். ஒரு நாள் முழுக்க எரிஞ்சா 30 ஆம்பியர்-அவர். சின்னக் காரோட பேட்டரி மொத்தமும் காலி ஆயிடும். அப்புறம் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்!

எல்லாரும் மறக்கற எர்த்

பாசிட்டிவ் ஒயரை எல்லாரும் பார்ப்பாங்க. சிவப்பா இருக்கில்ல! கரன்ட் திரும்பி வர்ற வழியை யாரும் கண்டுக்கறதில்லை. கார்ல இன்ஜின் ரப்பர் மவுன்ட் மேல உட்கார்ந்திருக்கு. ரப்பர்ல கரன்ட் போகாது. அதனால இன்ஜினையும் பாடியையும் ஒரு எர்த் பட்டை இணைக்குது. பதினைஞ்சு, இருபது வருஷ மழையில, சேத்துல அது இத்துப்போகும். இத்துப்போனா கரன்ட் சும்மா இருக்குமா? ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள்னு கிடைச்ச வழியில எல்லாம் புகுந்து போகும். ஸ்டார்ட் பண்ணும்போது கிளட்ச் கேபிள் சூடாகுதுன்னா, கேபிள்ல கோளாறு இல்லை பாஸ், எர்த் பட்டையில! இண்டிகேட்டர் போட்டா ஹெட்லைட்டும் சேர்ந்து மினுக்கறதும் பெரும்பாலும் இதே கேஸ்தான்.

வைத்தியம் சுலபம். போல்ட்டைக் கழட்டி, பெயின்ட்டும் துருவும் போய் உலோகம் பளிச்சுன்னு தெரியற வரைக்கும் உப்புத்தாளால தேய்ச்சு, இறுக்கி, மேல கிரீஸ் தடவுங்க. பேட்டரி டெர்மினல்ல வெள்ளையா பச்சையா பூத்திருந்தா ஆப்ப சோடா கலந்த வெந்நீர் ஊத்திக் கழுவலாம். கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில. இல்லேன்னா ஸ்பேனர் பாடியில பட்டு தீபாவளிதான்.

சந்தேக லிஸ்ட்டுல இன்னும் ரெண்டு பேர். ஒண்ணு, ஆடியோ செட் மாட்டும்போது ஒயரை வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுத்தின ஜாயின்ட். வெயில்ல டேப் பசை உருகி, ஜாயின்ட் தனியாத் தொங்கும். ரெண்டு, 'வெளிச்சம் பத்தலை'ன்னு ரிலே இல்லாமப் போட்ட 100 வாட் பல்ப். 10 ஆம்பியருக்கு செஞ்ச ஸ்விட்ச்சுல 17 ஆம்பியர் போனா, சூடு ஒண்ணே முக்கால் மடங்கு இல்லை, கிட்டத்தட்ட மூணு மடங்கு. கரன்ட்டை ஸ்கொயர் பண்ணணும்ல! எதிர்ல வர்றவன் கண்ணைக் கூச வெச்ச லைட், ஒரு நாள் உங்களையே இருட்டுல விட்டுடும்.

கீ-செயின்ல கனமா?

இதெல்லாம் பழைய டப்பா காருக்குத்தானேன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு அமெரிக்கக் கதை. 2010 மார்ச், ஜார்ஜியா மாநிலம். செவர்லே கோபால்ட் காரை ஓட்டிப்போன ஒரு நர்ஸ், தன்னோட 29-வது பிறந்தநாள் அன்னிக்கு விபத்துல இறந்துபோனார். சில நாளைக்கு முன்னாடிதான் 'ஓடும்போதே ஆஃப் ஆகுது'ன்னு வண்டியை டீலர்கிட்ட விட்டு எடுத்திருந்தார். அவங்க குடும்பத்தோட வக்கீல் ஒரு இன்ஜினியரைப் பிடிச்சார். அந்த இன்ஜினியர், வண்டியில இருந்த சாவி ஸ்விட்ச்சையும், புதுசா ஒண்ணு வாங்கியும், ரெண்டையும் பிரிச்சு அளந்தார். பார்ட் நம்பர் ஒண்ணுதான். ஆனா உள்ளே இருக்கற ஒரு குட்டி பிளஞ்சர் புதுசுல 1.6 மில்லிமீட்டர் நீளம் அதிகம்!

விஷயம் இதுதான். சாவி 'ஆன்' இடத்துல நிக்கறதுக்குத் தேவையான பிடிமானம் குறைஞ்சது 15 நியூட்டன்-சென்டிமீட்டர் இருக்கணும்னு ஜெனரல் மோட்டார்ஸே எழுதி வெச்சிருந்தது. தயாரான ஸ்விட்ச்சுல பாதிகூட இல்லாத கேஸ்கள் இருந்தன. கீ-செயின் கனமா இருந்தா, இல்லேன்னா முழங்கால் பட்டா, ஒரு குலுக்கல்ல சாவி தானாவே 'ஆஃப்' பக்கம் நழுவிடும். இன்ஜின் போச்சு, பவர் ஸ்டீயரிங் போச்சு, ஏர்பேகும் விரியாது. 2006-ல பார்ட்டை மாத்தினாங்க, ஆனா நம்பரை மாத்தலை. அதனால 'அந்த வருஷத்துக்கு அப்புறம் வந்த கார்ல ஏன் பிரச்னை இல்லை'ன்னு கம்பெனிக்குள்ளேயே வருஷக்கணக்கா மண்டையைப் பிச்சுக்கிட்டாங்க. 2014-ல 26 லட்சம் கார்களைத் திரும்பக் கூப்பிட்டாங்க. நஷ்டஈடு நிதி ஒத்துக்கிட்ட சாவுகள் மட்டும் 124. அடுத்த வருஷம் அமெரிக்க அரசுக்கு 90 கோடி டாலர் கட்டினாங்க. ஸ்விட்ச் மாத்தற வரைக்கும் கஸ்டமர்களுக்குச் சொன்ன அட்வைஸ் என்ன தெரியுமா? 'கீ-செயின்ல சாவியைத் தவிர எதையும் மாட்டாதீங்க!'

உங்க சாவியோட வேல், பைக் சாவி, பீரோ சாவி, ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு பித்தளை பிள்ளையார் எல்லாம் தொங்குதா? தேய்ஞ்ச ஸ்விட்ச்ல சாவியை லேசா ஆட்டிப் பாருங்க. இன்ஜின் துடிச்சா, கோளாறு சிக்கிடுச்சு.

ஓடும்போது உண்மையிலேயே எல்லாம் போயிட்டா, சாவியை மட்டும் உருவிடாதீங்க. ஸ்டீயரிங் லாக் விழுந்துடும். பிரேக் பூஸ்டர்ல ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் வேக்குவம் மிச்சம் இருக்கும், அதனால விட்டு விட்டு மிதிக்காம ஒரே அழுத்தா அழுத்தி இடது பக்கம் ஒதுங்குங்க. ஹசார்ட் லைட்டும் எரியாது, அதனால டாஷ்போர்டுல ஒரு டார்ச் எப்பவும் இருக்கணும். மெக்கானிக்கல் பம்ப் வெச்ச பழைய டீசல் வண்டின்னா விஷயமே வேற. கரன்ட் இல்லாட்டியும் இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கலாம். லைட் இல்லாத கார் அதே வேகத்துல பாய்ஞ்சா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

வெள்ளத்துல குளிச்ச வண்டி

2024 டிசம்பர் முதல் ரெண்டு நாள் தென்பெண்ணைக் கரைக்காரங்களுக்கு மறக்காது. ஃபெஞ்சல் புயல் மழையில சாத்தனூர் அணையில இருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டாங்க. கரையோர ஊர்கள் மிதந்தது. தண்ணியில நின்ன கார், காயவெச்சா உடனே ஸ்டார்ட் ஆகிடலாம். ஆனா ஒயரோட பிளாஸ்டிக் உறைக்குள்ள ஏறின ஈரம் சுலபத்துல வெளியே வராது. செம்பு மெதுவா பச்சைப் பொடியா மாறும். மாசக்கணக்குல கழிச்சு, வெள்ளமே மறந்துபோன ஒரு நாள்ல, டப்!

அதனால கையில இருக்கற காசுக்குப் பழைய கார் தேடறவங்க பெயின்ட் பளபளப்பை அப்புறம் பாருங்க. முதல்ல சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. யாரும் கழுவாத அந்தக் கடைசி அடியில சேத்துக் கோடு இருக்கும். கார்பெட்டைத் தூக்கிப் பாருங்க. ஸ்டெப்னி இருக்கற குழியில மணல் இருக்கா? டேஷ்போர்டுக்கு அடியில ஒரு கப்ளரைக் கழட்டி உள்ளே எட்டிப் பாருங்க. பின்கள் மஞ்சளா மின்னினா பேரத்தை ஆரம்பிங்க. பச்சையா இருந்தா டீ குடிச்சுட்டு பஸ் ஏறிடுங்க.